உள்பக்கம் மடித்த வேலி

மச்சான்,

இன்று காலையில் உன் பல்கனியில் கிடந்த தென்னந்தும்புப் பாயைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்து கழுவினேன். அம்பிட்டியவில் கைக்குட்டைகூடக் காயாத இந்த மழையில் எவனாவது தும்புப் பாயைக் கழுவுவானா என்று நீ கேட்பாய். கழுவவேண்டியிருந்தது. முயல் மூத்திரம் நாள் பார்த்து நாறுவதில்லை. நனைந்த தும்பின் வாசம் மூக்கில் ஏறியதும் பாயை அப்படியே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாயைத் தோளில் சுமந்துகொண்டு அக்குறணையிலிருந்து நீ பஸ்ஸில் வந்ததும், பாய்க்கும் ஒரு சீட் காசு கேட்ட கண்டக்டரோடு கட்டுகஸ்தோட்டை வரை சண்டை பிடித்ததும் ஞாபகம் வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுதேன். இந்த வயதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உன் மகள் வேலைக்கென்று வெளிநாடு போன நாளில் கீழ்வீட்டு என் வாசலில் நின்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனது எனக்கும் கேட்டது. "நான் வாற வரைக்கும் ரெண்டும் ஓடித் திரியணும் வாப்பா. கூட்டுக்குள்ளயே போட்டு வெக்காதீங்க." ரெண்டும் என்றால் சீனியும் கோப்பியும். வெள்ளை முயல் சீனி, மண்ணிறம் கோப்பி. நீ தலையை ஆட்டினாய். அவள் ஏறிய வான் தெருவளைவில் மறையும்வரை ஆட்டிக்கொண்டே நின்றாய்.

அடுத்த நாள் மாலை மாடிக்கு வந்த என்னிடம் கூட்டைக் காட்டினாய். நான் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன். எங்களுக்கு முயல் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கறி. "ரெண்டும் நல்ல கொழுப்பா இருக்கே மச்சான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீ கூட்டை எனக்கும் உனக்கும் நடுவிலிருந்து எடுத்து நீ உட்காரும் கதிரைக்குப் பின்னால் வைத்தாய். "ஒன்ட பார்வையே சரியில்ல" என்றாய். அதன்பின் பல மாதங்களுக்கு நான் வரும்போதெல்லாம் அந்தக் கூடு கதிரைக்குப் பின்னால்தான் இருந்தது.

ஓடுவதற்கு இடமென்று பார்த்தால் அந்தப் பல்கனி மட்டும்தான். முதல் நாள் திறந்துவிட்டபோது சீனி வழவழத்த டைல்ஸில் நாலு காலும் நாலு பக்கம் போக வழுக்கி விழுந்தது. மாமரத்துக் குரங்கு ஒன்று மதிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே பருந்து. நீ இரண்டையும் வாரிக் கூட்டுக்குள் போட்டுவிட்டு வியர்த்துப்போய் நின்றாய். வழுக்கலுக்குத்தான் தும்புப் பாய். மேலே வலை கட்டினோம். பக்கவாட்டில் இரும்புக் கம்பிகளுக்கு இடையே முயல் புகுந்துவிடுமே என்று கோழிக்கூட்டுக் கம்பி வலையை அடித்தோம்.

அந்த வலை என் பொறுப்பு. வேலி என்றால் எனக்குத் தெரியும் என்று பெருமையடித்துக்கொண்டேன். எங்கள் லயத்துப் பின்புறத்தில் அப்பா போஞ்சிக் கொடி போட்டிருந்தார். காட்டு முயல் வந்து மேய்ந்துவிடாமல் இருக்க, வலையின் அடியை ஒரு சாண் வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு படுக்கவைப்பார். வெளியிலிருந்து வரும் முயல் அந்த மடிப்பின்மேல்தான் நிற்கும். தானே வலையை மிதித்துக்கொண்டு நின்றால் எப்படித் தோண்டும்? அதே கணக்கில் உன் பல்கனியிலும் அடியை வெளிப்பக்கமாக அழகாக மடித்தேன். நீ குறட்டால் கட்டுக்கம்பியை முறுக்கினாய். வேலை முடிந்து இஞ்சிப் பிளேன்டி குடித்தபடி இருவரும் அதைப் பார்த்து ரசித்தோம். முயல் உள்ளே இருக்கிறது என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

கோப்பிக்கு ஏறியது. மூக்கால் வலையின் அடியைத் தள்ளியது. வெளிப்பக்கம் மடித்த வலை கதவு மாதிரித் தூக்கிக்கொடுத்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கோப்பி கம்பிகளுக்கு அப்பால், ஒரு சாண் அகல விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. கீழே பள்ளம். வாழைமரங்கள் சின்னதாகத் தெரிந்தன.

நான் கத்தப்போனேன். நீ என் வாயைப் பொத்தினாய். பிறகு, நெஞ்சு நோய்க்காக டாக்டர் குனியவே வேண்டாம் என்று சொல்லியிருந்தும் நீ அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தாய். கன்னம் தரையில். கையில் ஒரு பிடி வல்லாரை. வலைக்கு அடியில் கையை நீட்டி, உன் மகளைச் சின்ன வயதில் கூப்பிட்ட அதே குரலில், "வாங்கம்மா, வாப்பா இங்கதான் ஈக்கிறன்" என்றாய். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். நீயும் நடுவில் ஏதோ ஓதினாய். யாருடையது கேட்டதோ, கோப்பி மெதுவாகத் திரும்பி, வல்லாரையை முகர்ந்து, உன் கையை ஏறி மிதித்துக்கொண்டு உள்ளே வந்தது.

அது வந்தபின்னும் நீ எழும்பவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. "என்னா மச்சான், நெஞ்சு வலிக்குதா?" என்று குனிந்தேன். "இல்லடா. நீயும் படு" என்றாய். "நம்மட கண்ணு மேல ஈக்கி, அதுகள்ட கண்ணு கீழ ஈக்கி. இங்கேருந்து பாத்தாத்தான் எல்லா ஓட்டையும் தெரியுது."

படுத்தேன். உண்மைதான். மழைத்தண்ணீர் போகும் துவாரம் ஒரு முயல் தலை அளவுக்கு இருந்தது. கதவின் அடியில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. உன் மனைவி வளர்த்த அந்தூரியத்தின் இலைகள் மேலிருந்து பார்க்க அழகாக இருந்தன. கீழிருந்து பார்த்தபோது எல்லாம் முயலின் வாய்க்கு நேரே தொங்கின. அந்த இலை அதுகளுக்கு ஆகாது என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார்.

ஆணியை அடித்தோம், துவாரத்துக்குச் சல்லடை வைத்தோம். வலையைப் பிரித்து இம்முறை உள்பக்கம் மடித்தோம். மடிப்பின்மேல் பாய், பாயின்மேல் முயல். "இப்ப பாரு, அதுட பாரமே அதுக்குக் காவல்" என்றாய். அந்தூரியத்தைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. உன் மனைவி இறந்த பிறகு நீ ஒரு பூவைக்கூடப் பறிக்க விட்டதில்லை. நீயே ஒவ்வொரு சட்டியாகத் தூக்கிக்கொண்டு கீழே வந்து என் படியில் வரிசையாக வைத்தாய். கடைசிச் சட்டியை வைத்துவிட்டு, "தண்ணி கனக்க ஊத்திடாத" என்றாய். அவ்வளவுதான்.

அதிலிருந்து மாலைதோறும் அதுகள் ஓட, நீ கதிரையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தாய். உன் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. மகளிடம் சொல் என்று நான் எத்தனையோ தரம் கெஞ்சினேன். "சொன்னா வேலைய உட்டுட்டு வந்துடுவா. மொயல் ஓடுறத அனுப்பினாப் போதும். என்ட மூஞ்சி வேணாம்" என்றாய். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

நீ போனது ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் வழக்கப்படி அன்றைக்கே ஜனாஸா அடக்கம். மகளுக்கு டிக்கெட் கிடைத்து அவள் வந்து சேரும்போது உன்மேல் போட்ட மண் காயத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் வந்தவள் பையை வாசலிலேயே போட்டாள். நேரே பல்கனிக்குப் போனாள். பாயில் சீனி காதை மடித்துப் படுத்திருந்தது. கோப்பி சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாயில் உட்கார்ந்து, கதவோரம் கிடந்த உன் இறப்பர் செருப்பைப் பார்த்தாள்.

"எல்லா வீடியோவுலயும் வாப்பாட இந்தக் காலு மட்டும் ஓரத்துல தெரியும் அங்கிள்" என்றாள். "நான் மொயல பாக்கல்ல. இதத்தான் பாத்துட்டு ஈந்தேன்."

உன்னைப் பார்க்க அவளுக்குக் கிடைக்கவில்லை மச்சான். நீ கொடுத்த வாக்கைப் பார்க்கக் கிடைத்தது. அதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றினேன். எனக்கே அது போதவில்லை.

அவள் திரும்பிப் போகும்போது வீட்டுத் திறப்புக் கொத்தை என்னிடம் தந்தாள். செருப்பையும் காட்டி, "நீங்க போட்டுக்கங்க. அதுகளுக்குப் பழகினது" என்றாள். உன் கால் என்னுடையதைவிடப் பெரிது. நடந்தால் டப் டப் என்று அடிக்கிறது. அந்தச் சத்தத்துக்கு இரண்டும் காதை நிமிர்த்தி வாசலைப் பார்க்கும். வருவது நான் என்று தெரிந்ததும் முதுகைக் காட்டிவிடும். இதுதான் எனக்கு அங்கே கிடைக்கும் மரியாதை.

கதவைத் திறக்கும் முன் தினமும் ஒரு தரம் கன்னம் தரையில் படப் படுத்துப் பார்க்கிறேன். முழங்கால் திட்டுகிறது. உன் கட்டுக்கம்பி முறுக்கு ஒன்றுகூட இன்னும் அவிழவில்லை.

பாய் காயாததால் இன்று பழைய சாக்கை விரித்துவிட்டு, உன் கதிரையில் உட்கார்ந்து போனைப் பிடித்தேன். கோப்பி வந்து என் காலடியில் நின்றது. முகர்ந்தது. பிறகு தாடையைச் செருப்பின் வாரில் மெதுவாகத் தேய்த்தது. "தாடைய தேச்சா, இது எங்கட ஆளுண்டு அர்த்தம்" என்று நீ சொல்லி என்னை எரிச்சல்படுத்துவாயே, அது. இத்தனை நாளில் எனக்கு ஒருதரம்கூடச் செய்ததில்லை.

அது எனக்கில்லை, உனக்குத்தான். எனக்குத் தெரியும். என்றாலும் நான் காலை எடுக்கவில்லை மச்சான். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் உன் செருப்பு தெரியும்படி போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.