வரவேற்பறையில் உன் படம்

இன்று காலை கம்பெனி வரவேற்பறையில் உன் படத்தைப் பார்த்தேன். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆம்பூருக்கு வருகிறார்களாம். சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, உன்னைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தார்கள். கையில் ஒரு ஷூவோடு சிரிக்கிறாய். கீழே பெரிய எழுத்தில் ‘விசுவாசம்’. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இதே கம்பெனி கேட்டில்தான் உன்னை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். மூச்சுத் திணறலோடு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய நாள் அது. உன்னை உள்ளே விடக்கூடாதென உத்தரவு என்று வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் உன்னோடு நின்றேன். முதலாளியின் மகன், இப்போதைய மேனேஜர், காரில் வந்தார். நீ கை கூப்பினாய். கார்க் கண்ணாடி இறங்கவே இல்லை.

காரை மறிக்கப் போன என் கையைப் பிடித்து இழுத்தாய். “அவர ஒண்ணும் சொல்லாதடி. கைக்கொழந்தையோட நின்னப்போ அவங்க அப்பாதான் எனக்கு வேல குடுத்தாரு” என்றாய். அந்த ஆள்மேல் வந்ததைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

அதற்கு முன்பும் வந்திருக்கிறது. தையல் லைனில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் நெடி தாங்காமல் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். பழுதான எக்ஸாஸ்ட் ஃபேனை மாற்றாமல் மிஷினைத் தொடமாட்டோம் என்று எல்லோரும் எழுந்துவிட்டோம். சூப்பர்வைசரான நீதான் வந்து, முதலாளி நம்மைக் கைவிடமாட்டார், உட்காருங்கள் என்று கெஞ்சினாய். உன் முகத்துக்காக உட்கார்ந்தோம். ஃபேன் வரவில்லை. அந்த நெடியில் எங்களைவிட அதிக நேரம் நின்றவள் நீதான். உன் நெஞ்சைத் தின்றது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனாலும் உன்னை வெறுக்க முடியவில்லை. எனக்கு டிபி வந்து குணமாகித் திரும்பியபோது, லைனில் யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நீ வந்து என் டப்பாவிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாய். “இன்னாடி, உப்பு கம்மியா போட்ருக்க” என்றாய், அவ்வளவுதான். மறுநாள் மற்றவர்களும் என் பக்கத்தில் வந்து டப்பாவைத் திறந்தார்கள். நீ எனக்குக் காட்டிய அன்புக்கு எந்தச் சுவரிலும் பெயர் எழுதவில்லை.

இன்று உன் படத்தைக் கழற்றினேன். மேனேஜர் வந்து, உன்னைக் கௌரவப்படுத்தத்தானே வைத்தோம் என்றார்.

“உயிரோட வந்தப்போ கேட்ட தொறக்கல. செத்தப்புறம் எதுக்கு சார் உள்ள கூப்ட்றீங்க?” என்றேன்.

படத்தோடு வெளியே வந்தேன். அன்று மயங்கி விழுந்தவள் மட்டும் லைனை விட்டு எழுந்து வந்து சட்டத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். உன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். உன் மகள் சட்டத்தைப் பிரித்து, அடியிலிருந்த எழுத்தை மட்டும் கத்தரித்து எறிந்தாள். பிறகு, “வேல போய்ட்டா இன்னா பண்ணுவ பெரிம்மா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நாளைக்குக் காலையில் கேட்டில் என்னையும் நிறுத்துவார்கள். நீ உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய்? அதைக் கேட்க வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாயே, அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.