சீனி சேர்க்காத எள்ளுருண்டை

மஸ்கெலியா,
05.08.2024

அன்புள்ள ராக்காயி,

அல்லாஹ் கிருபையால் நானும் என் வீட்டுக்காரர் ஹலீமும் சுகம். நீயும் மகள் சர்மிளாவும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். உனக்குக் கண் மங்கலாமே, சர்மிளா வாசித்துக் காட்டட்டும். மகளே, அம்மாவைத் திட்டும் இடத்தையும் விடாமல் வாசி.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்த நாள் முதல் நீ எங்கள் கடை எள்ளுருண்டை தின்றவள். சீனி வியாதி என்று டொக்டர் சொன்னதும் "இனி அனுப்பாத" என்கிறாய். இந்தப் பெட்டியில் ஒரு சிட்டிகை சீனி கிடையாது. எள்ளு, கித்துள் மரத்துக் கருப்பட்டி, ஏலம், அவ்வளவுதான். சீனிக்காரர்களுக்கென்றே வாப்பா காலத்திலிருந்து தனியாகச் செய்வது. மூடியிலும் "சீனி சேர்க்காதது" என்று ஒட்டியிருக்கிறேன். இந்தப் பதத்துக்குப் பாகு காய்ச்ச மஸ்கெலியாவில் இன்னொரு கை இல்லை, அது உனக்கே தெரியும்.

பயப்படாமல் தின்று உடம்பைத் தேற்று. கண் ஒபரேஷன் முடிந்ததும் வந்து என் முகத்தைப் பார். இன்னும் அழகாகத்தான் இருக்கிறேன்.

உன்
நஸீரா

—

உடப்புசல்லாவை,
29.08.2024

அன்புள்ள நஸீரா,

நான் சொல்லச் சொல்ல சர்மிளா எழுதுகிறாள். அவளுடைய கோபம் எங்காவது கலந்திருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பெட்டி வந்த நாளிலிருந்து காலையில் இரண்டு, பின்னேரம் பிளேன்டீயோடு இரண்டு. சீனி இல்லாததுதானே என்று மனதாரத் தின்றேன். ஒபரேஷனுக்குப் போன அன்று இரத்தம் பார்த்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. டொக்டர் கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்த நர்ஸ் மிஸ், "என்ன சாப்பிட்டீங்க அம்மா?" என்று கேட்டாள்.

"சீனியத் தொடவே இல்லைங்க மிஸ். கருப்பட்டிதான்" என்றேன்.

"கருப்பட்டியும் சீனிதான் அம்மா. ரத்தத்துக்கு நெறம் தெரியாது" என்றாள். பக்கத்தில் இருந்த நாலு பேருக்கும் அது அன்றுதான் தெரிந்தது போல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒக்டோபர் 28க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் இருநூறுக்குக் கீழே வராவிட்டால் வலது கண்ணுக்கு உத்தரவாதம் இல்லையாம். இடது கண்ணில் ஏற்கெனவே பாதிதான் தெரிகிறது. உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நீ தெரிந்து செய்யவில்லை என்பதும் தெரியும். இரண்டும் சேர்ந்துதான் தூக்கம் வராமல் செய்கிறது. அந்தக் கடையிலிருந்து இனி எதுவும் இந்த வீட்டுக்கு வரக்கூடாது என்கிறாள் சர்மிளா. நானும் அதையே சொல்கிறேன்.

ராக்காயி

—

மஸ்கெலியா,
02.10.2024

என் ராக்காயி,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்று வாசித்து அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. உன் கண்ணில் நான் கைவைத்துவிட்டேன்.

அன்றைக்கே எல்லாப் பெட்டி மூடியிலும் இருந்த அந்த "சீனி சேர்க்காதது" துண்டைக் கிழித்தேன். ஹலீம் பதறிப் போனார். "வாப்பா காலத்து யாவாரம் நஸீரா."

"வாப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருச்சி" என்றேன். இப்போது சீனிக்காரர் யார் வந்து கேட்டாலும், இது உங்களுக்கு ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறேன். சிலர் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

ஆனால் எள்ளுருண்டையில் தோற்றுப்போனவள் என்ற பேரோடு நான் மௌத்தாகி மண்ணுக்குள் போக மாட்டேன். ஹலீமுக்கும் ஆறு வருஷமாகச் சீனி, விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் வீட்டில் இருக்கிறது. அவர் விரல்தான் பாவம். வெறும் எள்ளை வறுத்து இடித்தேன், உதிர்ந்து போனது. பேரீச்சம்பழத்தை அள்ளிப் போட்டேன், அழகாக உருண்டது, மெஷின் எகிறிவிட்டது. ஒன்பதாம் தடவைதான் பிடிபட்டது. எள்ளை எண்ணெய் விடும் வரை உரலில் இடிக்க வேண்டும், அந்த எண்ணெய்தான் பாகு. அதோடு வறுத்த கச்சான் கடலை, தேங்காய்ப்பூ, சுக்கு, உப்பு. இருபது உருண்டைக்கு மூன்றே பேரீச்சம்பழம். ஒவ்வொன்றும் பிள்ளைகள் உருட்டி விளையாடும் போளை அளவுதான். ஹலீம் ஒன்று தின்று இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்தினோம். நூற்று நாற்பத்தெட்டு நூற்று ஐம்பத்தாறானது, அவ்வளவுதான்.

எட்டு உருண்டை அனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் மூடியில் எழுதியிருக்கிறேன். முதலில் அந்த மிஸ்ஸிடம் காட்டு. அவர் வேண்டாம் என்றால் குப்பையில் போடு, மனத்தாங்கல் இல்லை. அவர் சொல்லாமல் நீ வாயில் வைத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

நஸீரா

—

உடப்புசல்லாவை,
14.11.2024

அன்புள்ள நஸீரா,

இதை நானே எழுதுகிறேன். வரி மலை ஏறி இறங்கினால் கண்டுகொள்ளாதே.

கிளினிக்கில் அந்த மிஸ் உன் மூடியை இரண்டு தரம் வாசித்தாள். ஒன்றை உடைத்து மோந்து பார்த்தாள். "நாளைக்கு ஒண்ணு. மாத்திரையும் நடையும் விடக்கூடாது" என்றாள். 28ஆம் திகதி காலையில் நூற்று அறுபத்திரண்டு. ஒபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்தபோது முதலில் தெரிந்தது சர்மிளாவின் மூக்குத்தி.

உள்ளதைச் சொல்கிறேன். பழைய உருண்டையின் ருசி இதற்கு இல்லை. முதல் கடியில் லேசாகக் கசக்கிறது. மூன்றாம் நாள் அதே கசப்பை நாக்கு தேடியது. எட்டும் தீர்ந்ததும், "சித்திகிட்ட இன்னும் கேளும்மா" என்றவள் உன் எதிரி சர்மிளாதான்.

ஒன்று சொல்ல வேண்டும். வார்டில் பக்கத்துக் கட்டிலில் பொன்னையா என்று ஒருவரின் சம்சாரம். பார்க்க வந்த அவர் கையில் எங்கோ வாங்கிய கருப்பட்டி உருண்டைப் பெட்டி, மூடியில் "சீனி சேர்க்காதது". நான் அதை எட்டிப் பிடித்துவிட்டேன். "சீனிக்காரங்களுக்கு இது ஆகாதுங்க. மஸ்கெலியாவுல இதையே செஞ்சி வித்தவ, தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே கிழிச்சிப் போட்டா. அப்புறம் ஒம்பது தரம் இடிச்சி வேற செஞ்சா" என்றேன். வார்டே கேட்டது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது நஸீரா, கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று மிஸ் அதட்ட வேண்டியதாயிற்று.

எல்லோரும் உன் கடை விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பேரைப் பார்த்துவிட்டு பொன்னையா கேட்டார்: "முஸ்லிம் ஆளு போல. ஒங்களுக்கு அவங்க என்ன வேணும்?"

"கூடப் பொறந்தவ" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் கடைக்கு வந்து விசாரித்தால் நீயும் அப்படியே சொல்.

உன்
ராக்காயி