அண்ணி இருக்கும் படம்

அண்ணா,

அப்பாவின் கடைசிப் படத்தைக் கேட்டாய், சரி. "பக்கத்துல இருக்கிறவளை வெட்டிட்டு அனுப்பு" என்று போனில் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது?

அந்தப் படத்தை எடுத்த இந்த மலிவு டிஜிட்டல் கேமராவை நான் வாங்கியபோது, "பொம்மையா இது?" என்று சிரித்தவன் நீ. நான் எடுத்துப் பழக அலுக்காமல் முன்னால் நின்றவர் அண்ணிதான்.

படத்தில் அவர் அப்பாவுக்குச் சவரம் செய்கிறார். அப்பாவின் தாடை அவர் உள்ளங்கையில் இருக்கிறது. அந்தக் கையை எங்கே வெட்டுவது, நீயே சொல். அப்பா படுக்கையில் கிடந்த அந்த ஏழு மாதமும், அண்ணியை விட்டுப் போன நீ எங்கே இருந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

உன் புது வீட்டுச் சுவருக்கு வேறு படம் பார்த்துக்கொள். இதைப் பெரிதாக அச்சிட்டு அண்ணியிடம் கொடுத்துவிட்டேன்.

"மாமா எவ்வளவு நல்லா சிரிச்சிருக்கார் பாரு" என்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை