மேசையில் இருந்த வெள்ளைப் பூ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். வீட்டின் மூன்றாவது ஆளைப் பற்றித்தான் அப்படி எழுதக் கை வரவில்லை. நேற்று போனில், உன் ஜன்னலோரம் வைத்திருக்கும் வெள்ளைப் பூவை ஜாடியோடு வெளியே போடு, உன் பூனைக்குட்டியை ஈரத்துணியால் துடைத்து டாக்டரிடம் காட்டு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் உன் செய்தி வந்தது. குட்டி அதன் பக்கமே போகவில்லை, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றாய். அதுவரை நிம்மதி. ஆனால் கடைசியில், "இருந்தாலும் அது செடிகூட இல்ல, வெறும் பூதானேப்பா" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம், ஏனென்றால் அதே வரியை நானும் நேற்று காலை ஒரு டாக்டரிடம் சொன்னேன்.

விலங்கு மருத்துவமனை வராந்தாவில், ஒரு கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே எடிட்டருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. நீ விட்டுப்போன பூனைக்கு நீ வைத்த பெயர் வேறு, நான் எழுதும் தாள்மேல் உட்கார்ந்து பிடிக்காத பக்கத்தைக் கிழிப்பதால் அது எடிட்டர் ஆகிவிட்டதும் உனக்குத் தெரியும். அதை நீ என்னிடம் ஒப்படைத்தபோது, செடி விஷயத்தில் ஜாக்கிரதைப்பா என்றாய். நான் அதை ஒரு செய்தியை விசாரிப்பது போலவே விசாரித்தேன், இரண்டு இடத்தில் உறுதி செய்யாமல் எதையும் நம்பவில்லை. மணி பிளான்ட், சோற்றுக் கற்றாழை, தடித்த இலை ஜேட் செடி, சின்னச் சின்னப் பூவாகப் பூக்கும் கலஞ்சோ எல்லாம் மாடிக்குப் போய்விட்டன, மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. முதலில் அலமாரி உச்சியில்தான் வைத்தேன், அடுத்த நாளே எடிட்டர் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. ரோஜா இதழ் மாதிரி அடுக்காக இருக்கும் எச்செவேரியா ஒன்று மட்டும், ஆபத்தில்லை என்று தெரிந்ததால் ஜன்னலில் நிற்கிறது. அம்மா கேலி செய்தாள், "மந்திரி வர்றாருன்னாகூட இவ்வளவு சோதனை நடக்காது" என்று.

அதன் பிறகுதான், முந்தாநாள், எங்கள் கல்யாண நாள் வந்தது, உன் பூங்கொத்தும் வந்தது. அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் ஜாடியில் வைத்து, ரெண்டு முறை தள்ளி நின்று பார்த்தாள். அன்று சாயங்காலம் எடிட்டர் மூக்கிலும் கழுத்திலும் ஆரஞ்சுத் தூளோடு நடந்து வந்தது. "பாருங்க உங்க மகாராணியை, பவுடர் போட்டுட்டு வர்றா" என்று அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். அது ஓரமாக உட்கார்ந்து முழுவதையும் நக்கித் துடைத்துக்கொண்டது.

மறுநாள் காலை வாயில் எச்சில் ஒழுகியது, வாந்தி எடுத்தது, சலவை மெஷினுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. முடி விழுங்கியிருக்கும், தானே சரியாகும் என்றேன் நான். இதுவரை அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத உன் அம்மாதான், "சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டும் வரலைன்னா இது முடி இல்லைங்க, கிளம்புங்க" என்று கூடையை எடுத்தாள். போகும் முன் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா என்று யோசித்தோம். நல்ல வேளை செய்யவில்லை. அது இன்னும் கெடுதல் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

மருத்துவமனையில் முதலில், என்ன செடியைக் கடித்தது என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. ஒவ்வொரு செடியாகச் சொல்லி, எது எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செடி சரி சார். பூ?" என்றார். மேசையில் ஒரு கொத்து இருக்கிறது, ஆனால் அது செடி இல்லையே டாக்டர், வெறும் பூதானே என்றேன். அம்மாதான் குறுக்கே வந்தாள். "வெள்ளையா, பெருசா இருக்கும். நடுவுல ஆரஞ்சுத் தூள் கொட்டும்." டாக்டரம்மா உடனே எழுந்து நர்ஸைக் கூப்பிட்டார். லில்லி. மற்ற பல செடிகள் வாயை எரிக்கும், வயிற்றைக் கெடுக்கும். பூனைக்கு லில்லி நேராகச் சிறுநீரகத்தில் போய் உட்காரும். இலை வேண்டாம், இதழ் வேண்டாம், மேலே ஒட்டிய தூளை நக்கினாலே போதும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். சிறுநீர் நின்றுவிட்டால் பிறகு கையில் ஒன்றும் இல்லை என்றார். நேற்றிலிருந்து நாங்கள் இருவரும் காத்திருப்பது அந்த ஒன்றுக்குத்தான். ரொம்ப நேரமாக ஒரு சொட்டு இல்லை.

அது நீ அனுப்பிய பூ என்று எழுத வேண்டாம் என்றாள் அம்மா. "தூர இருக்கிற பொண்ணு, ராத்திரி தூங்கமாட்டா, பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்ததுன்னு போடுங்க." தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். பக்கத்து வீட்டார் மேல் போட்டால் நீ அவர்களை நினைத்து உச்சுக் கொட்டிவிட்டு, அடுத்த மாதம் உன் மேசையிலேயே இன்னொரு கொத்து வைப்பாய். தப்பு உன்னுடையது இல்லை கண்ணு. வந்த பூவை வாசலில் வாங்கியவன் நான், வீட்டில் விசாரணை அதிகாரியும் நான்.

இவ்வளவு எழுதும்போது உள்ளேயிருந்து அம்மா சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். பேனாவைக் கீழே போட்டு ஓடினேன். மடியில் வைத்திருந்த எடிட்டர் அவளுடைய நல்ல புடவையை முழுக்க நனைத்துவிட்டது. சோபாவில் ஒரு முடி கிடந்தால் வீட்டை இரண்டாக்குகிறவள், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "நல்லா போடி, இன்னும் போ" என்று அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, நல்ல அறிகுறிதான், ஆனால் நாளைக்கு மறுபடி ரத்தம் பார்க்காமல் நான் வாய் திறக்கமாட்டேன் என்றார். அதனால் நானும் அதற்குமேல் எழுதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. குட்டி எதையாவது கடித்ததாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காதே, அந்த இலையையோ பூவையோ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே ஓடு. உனக்கு யாராவது பூ கொடுத்தால் வாசலிலேயே நின்று பெயரைக் கேள், மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. நீயும் உன் குட்டியும் நீண்ட காலம் நன்றாக இருக்க எங்கள் ஆசி. ஒரே ஒரு காரியம் மட்டும் செய். அம்மா போனில் கேட்டால், பூ பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்றுதான் அப்பா எழுதியிருந்தார் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா