மன்னிப்பு தாமதத்துக்கு மட்டும்

இன்று கோர்ட்டு மதிலோரம் புல் செதுக்கினார்கள். மழைக்கு முளைத்திருந்த கீழாநெல்லியும் சேர்ந்து வெட்டுப்பட, அந்தப் பச்சை வாசனை வக்கீல்கள் அறைவரை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய், மஞ்சள் பூத்த கண்களும் கையில் கீழாநெல்லிச் சாறுமாக.

கருடசேவைக் கூட்டத்தில் நடந்த அடிதடியை விலக்கப் போனவன் நீ. ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நடுவில் புகுந்தாய். அடித்தவர்களோடு உன்னையும் வழக்கில் சேர்த்துவிட்டார்கள். ஓராண்டு ஜெயில் என்று தீர்ப்பு. அப்பீல் செய்வதற்காகத்தான் வெளியே விட்டிருந்தார்கள். அதற்குள் காமாலை உன்னைப் படுக்கையில் தள்ளியது. நீ எழுந்து வந்தபோது கெடு முடிந்திருந்தது. எந்த நேரமும் பிடிவாரண்ட் வரலாம். உன் வக்கீலான நான் சட்டப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கே ஒருநாளும் நேரத்துக்கு வராத நீயோ சிரித்துக்கொண்டிருந்தாய்.

ஒரு வழி இருந்தது. தாமத மன்னிப்பு மனு. டைப் அடித்து நீட்டினேன். அந்த இரண்டாவது சொல்லில் உன் சிரிப்பு நின்றுபோனது.

"அடிக்காதவன் எதுக்குப்பா மன்னிப்பு கேக்கணும்? உள்ளயே போய் குந்திக்கினு வரேன், வுடு."

உன் மனைவி அழுதும் நீ மசியவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யோவ், அடிச்சதுக்கு இல்லய்யா! லேட்டா வந்ததுக்குதான் மன்னிப்பு!"

நீ கொஞ்சம் யோசித்தாய். "லேட்டுக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அது நான் பண்ணதுதான்பா."

ஜட்ஜ் தாமதத்துக்குக் காரணம் கேட்டபோதும், என்னைப் பேசவிடாமல் முந்திக்கொண்டாய். "லேட்டு நான் பண்ணதுங்கய்யா. அடி மட்டும் நான் பண்ணல." ஜட்ஜே தலையைக் குனிந்து சிரித்தார். மனுவும் ஏற்கப்பட்டது, அப்பீலில் விடுதலையும் ஆனாய். அன்று உன் ஆட்டோவில் முன்சீட்டில் ஒட்டி உட்கார்ந்து வீட்டுக்குப் போனேனே, அதைப் போல நிம்மதியான சவாரி பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இன்று ஒரு பெண், கெடு தாண்டி வந்தவர், அதே சொல்லில் பேனாவை நிறுத்தினார். "லேட்டுக்கு மட்டும்தாம்மா" என்றேன். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். யார் வந்தாலும் முதலில் உன் கதையைத்தான் சொல்கிறேன். சிரித்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் பிந்தியே வந்த நீ, போவதில் மட்டும் எங்களை முந்திக்கொண்டாய். அதற்கு மனு போட்டாலும் நான் மன்னிப்பதாக இல்லை.