மொட்டைக் கடிதமும் கக்கூசுக் குழியும்

ஜனவரி 9, 2024, செவ்வாய்

கோபிகா வந்து நாலு நாள். ஏழாம் மாதம். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள் காலை நீட்டிப் படுத்திருப்பாள் என்று பார்த்தால், என் குளியலறைக்குள் புகுந்து ஆராய்ச்சி செய்கிறாள். இன்று அசிட் போத்தலைக் காணவில்லை. கொமட் கழுவுகிற நீலத் தண்ணியும் இல்லை. அந்த இடத்தில் வினாகிரியும் அப்பச்சோடாவும் இருக்கின்றன. புளொஷ் தாங்கிக்குள் மணல் நிரப்பிய போத்தல் ஒன்றை இறக்கிவிட்டிருக்கிறாள். அமத்தினால் முந்தின மாதிரித் தண்ணி பாய்வதில்லை.

“உதெல்லாம் நிலத்துக்குள்ளைதானே அம்மா போகுது” என்றாள்.

நிலத்துக்குள் போகாமல் வானத்துக்கா போகும்? இது இவளுடைய புத்தி இல்லை. சண்டிலிப்பாய்ச் சம்பந்தி ஓதி அனுப்பியிருக்கிறா. கலியாணத்துக்கு மறுநாள் வந்தபோது அந்த மனுசி எங்கள் பாத்றூமுக்குள் போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்ததை நான் காணவில்லை என்று நினைப்பு.

ஜனவரி 12

விடிந்தும் விடியாமலும் கிணற்றடியில் கோபிகா. சின்னப் போத்தல் ஒன்றை மூன்று தரம் அலசி, தண்ணி நிரப்பி, பேப்பரில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

“என்ன பிள்ளை அது?”

“ஒண்டுமில்லை அம்மா.”

ஒன்றுமில்லாததை ஏன் சுற்ற வேண்டும்? இவரிடம் சொன்னேன். தபால் கந்தோரில் முப்பது வருசம் முத்திரை குத்திக் குத்திக் கதைக்கவே மறந்துபோன மனிதர். “தண்ணிதானே” என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 16

பக்கத்து வீட்டு உதயகலாவுக்குப் பொங்கல் கொண்டுபோனேன். படியிலேயே வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ஏன்?

ஜனவரி 23

போத்தல் ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கிறது. இன்று கடுதாசி வந்தது. எங்கள் கிணற்றில் நைத்திரேற்று இருக்கக்கூடிய அளவைப்போல இரண்டு மடங்காம்.

“கக்கூசுக் குழி ஊறிக் கிணத்துக்கு வருது அம்மா. எங்களுக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது. கைக்குழந்தைக்கு உந்தத் தண்ணியிலை பால்மா கரைச்சால் உடம்பு நீலம் பாயும்.”

“கொதிக்க வைச்சுக் குடுப்பம்.”

“கொதிக்க வைச்சால் போகாது, கூடும்.”

பிறகுதான் குண்டைப் போட்டாள். இதைச் சரிப்பண்ணாவிட்டால் சண்டிலிப்பாய்க்குப் போய்விடுவாளாம். பிள்ளைப்பேறு மாமியார் வீட்டிலாம்! தாய் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்க! ஊர்ச்சனம் என்ன கதைக்கும்? அவையின்ரை கிணறு மட்டும் என்ன, கங்கையே? புகையிலைக்கு யூரியா கொட்டோ கொட்டெண்டு கொட்டுற ஆக்கள்.

போக விடமாட்டேன். இந்த வீட்டில்தான் அந்தப் பிள்ளை கண் முழிக்க வேண்டும்.

ஜனவரி 24

தோசை சுடும்போது பளிச்சென்று பிடிபட்டது.

எங்கள் குழியாக இருக்க முடியாது. 2003இல் வீடு திருத்தியபோது மேசன் யாகோப்புக்கு நானே நின்று இடம் காட்டினேன். எங்கள் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பின்வளவு மூலையில், மதிலோடு ஒட்டி. இதைவிடத் தூரம் போவதென்றால் மதிலைத்தான் ஏறிக் குதிக்க வேண்டும். கொக்குவிலில் எல்லாரும் அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள்.

அப்படியென்றால்? போன வருசம் புதுப் பாத்றூம் கட்டினது யார்? மதிலுக்கு அந்தப் பக்கத்து உதயகலா. இரண்டு கிழமை டங்கு டங்கென்று வெட்டினார்கள். எட்டிப் பார்த்தேன், வளவு முழுக்கத் தறப்பாள் கட்டி மறைத்திருந்தது. பொங்கல் கொண்டுபோன அன்று படியோடு அனுப்பியதும் சும்மா இல்லை.

ஜனவரி 26

மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டேன்: “உதயா, உம்மடை புதுக் குழி எவடத்திலை?”

“ஏன் ஞானாக்கா, வந்து பாக்கப்போறியளே?” என்று சிரித்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாளா? இல்லை.

ஜனவரி 29

எழுதிவிட்டேன். சுகாதாரக் கந்தோருக்கு. ‘உதயகலா என்பவரின் மலகூடக் குழியினால் அயற்கிணறுகள் நஞ்சாகின்றன. இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமகன்.’ எழுத்துத் தெரியக்கூடாதென்று இடக்கையால் எழுதினேன். தங்கச்சியைப் பார்க்கப் போகிற சாட்டில் பஸ் ஏறி அச்சுவேலியில் போட்டேன்.

இருபத்தைந்து வருசப் பழக்கம்தான். அதற்காக என் பேரப்பிள்ளை நஞ்சு குடிக்கவோ?

பெப்ரவரி 7

சுகாதாரக் கந்தோரிலிருந்து பி.எச்.ஐ தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். நேரே உதயகலா வீட்டுக்கு. நான் பூக்கன்றுக்குத் தண்ணி விடுகிற மாதிரி நின்றேன்.

பிறகு எங்கள் கேற்றையும் தட்டினார். பேர் போடாத பெட்டிசம் ஒன்று வந்ததாம். இரண்டு வீட்டுக் கொமட்டிலும் சாயம் ஊற்றிப் பார்ப்பாராம். அவர்களுடையதில் பச்சை, எங்களுடையதில் சிவப்பு.

“எங்களுக்கு ஏன் தம்பி? பெட்டிசம் அவைக்குத்தானே?”

“அது உங்களுக்கு எப்பிடி அம்மா தெரியும்?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோபிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவரும் பார்த்தார்.

பெப்ரவரி 8

உதயகலாவின் கிணறு சிவப்பு.

பெப்ரவரி 10

எங்கள் கிணறும் சிவந்துவிட்டது. பச்சை எங்கேயும் இல்லை.

அவளுடைய குழி குழியே இல்லையாம். அடி சீமெந்து போட்ட மூடின தாங்கி, முன்முற்றத்தில், றோட்டுக் கரையோடு. குளிக்கிற தண்ணி வேறு பைப்பில் சல்லியும் கரியும் போட்ட தொட்டிக்குள் போய் வாழைக்கு ஓடுகிறது. ஊர் பார்த்துச் சிரிக்கும் என்ற வெட்கத்தில்தான் தறப்பாள் கட்டினாளாம்.

பி.எச்.ஐ நாடாப் பிடித்து அளந்தார். எங்கள் குழிக்கும் அவளுடைய கிணற்றுக்கும் நடுவில் பதினொரு அடி. இவ்வளவு காலமும் நான் இந்தப் பக்கத்தை மட்டும்தான் அளந்திருக்கிறேன்.

“நடுவிலை மதில் இருக்குதே தம்பி” என்றேன். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

“மதில் நிலத்துக்கு மேலைதானே அம்மா நிக்குது. கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, ஓட்டை ஓட்டையாய்.”

உதயகலா தன் கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நின்றாள். “என்ரை இரண்டு பிள்ளையளையும் இந்தத் தண்ணியிலைதான் வளத்தனான்” என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தண்ணியைப் பார்த்துச் சொன்னாள்.

அவளுடைய இளையவன் பிரகாஸ் 2004இல் மூன்று மாதக் குழந்தை. உதடெல்லாம் நீலமாகி ஆசுப்பத்திரிக்குக் கொண்டோடினார்கள். என்னவென்று டொக்டர்மார் சொல்லவில்லை. அவளுக்குத் துணையாக ஓட்டோவில் போனது நான். பால்மாப் போத்தலும் சுடுதண்ணிப் போத்தலும் என் மடியில்தான் இருந்தன.

அது இதாலையோ? ஐயோ, அது இதாலையோ? இப்ப அவன் ஆறடி உயரம், கம்பசிலை படிக்கிறான். எண்டாலும் நான் ஆரிட்டை இதைக் கேக்கிறது?

பெப்ரவரி 13

எங்கள் கொமட்டுக்குச் சீல். குழியை இறைத்து, நீற்றுச் சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டுமாம். புதுத் தாங்கிக்கு இரண்டு கிணற்றுக்கும் தூரமாக உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான்: கேற்றடி. வாசலில் கக்கூசுத் தாங்கி! பத்து நாளைக்கு முன்னர் யாரும் இதைச் சொல்லியிருந்தால் விளக்குமாறு எடுத்திருப்பேன். இன்று நானே யாகோப்புக்கு இடம் காட்டினேன். என் சீமெந்து முற்றத்தை அலவாங்கு போட்டுப் பிளக்கிறார்கள். வேலை முடிய மூன்று கிழமையாகுமாம்.

எட்டு மாத வயிற்றோடு கோபிகா எங்கே போவாள்? மணிக்கொருதரம் போக வேண்டியிருக்கிறது. பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். உதயகலாதான் மதிலடிக்கு வந்தாள்.

“பிள்ளையை அங்கை இஞ்சை அலைக்காதேங்கோ. இரண்டு பேரும் எங்கடை பாத்றூமுக்கு வாங்கோ.”

இது என்ன குணம்? என்ன எதிர்பார்க்கிறாள்? நாளைக்குச் சொல்லிக் காட்டுவாளோ?

பெப்ரவரி 16

அவள் வீட்டுப் பாத்றூமில் ஒரு குறை பிடிக்கலாமென்று பார்த்தேன். முடியவில்லை. பனங்கட்டி மாதிரிச் சவர்க்காரத் துண்டு, ஒரு வாளி, ஒரு பேணி. மணமே இல்லை.

வெளியே வந்தபோது கேட்டாள்: “உந்தப் பெட்டிசத்தை ஆர் அக்கா எழுதியிருப்பினம்? அச்சுவேலி முத்திரையாம்.”

“ஆருக்குத் தெரியும்” என்றேன்.

வீட்டுக்கு வந்தால் இவர், “இடக்கையாலை எழுதினாலும் உம்மடை ‘ழ’ உம்மடை ‘ழ’தான். மேசையிலை மை ஒத்தின தாளை விட்டிட்டுப் போனீர்” என்றார். முப்பது வருசத்தில் இவர் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததில்லை.

“அவளுக்குச் சொன்னனீங்களோ?”

“நீர்தான் சொல்லோணும்.”

சொன்னால் கோபிகாவுக்குப் பாத்றூம் இல்லை. பெட்டி தயாராக நிற்கிறது. சண்டிலிப்பாய்தான்.

பெப்ரவரி 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் வாழையடியில் நின்றாள். “உதயா, பெட்டிசம் போட்டது நான்.” அவ்வளவுதான் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று போகும் வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன். கேட்கவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். “கேட்டிருந்தால் காட்டியிருப்பனே ஞானாக்கா” என்றாள். நான் கேட்டேன்தானே என்று நினைத்தேன். எப்படிக் கேட்டேன் என்பதும் ஞாபகம் வந்தது.

போகத் திரும்பினபோது சொன்னாள்:

“பிள்ளை வரட்டும். எந்த நேரமும் வரட்டும். நீங்கள் வராதேங்கோ.”

பெப்ரவரி 19

கோபிகா பெட்டியைத் திறந்து உடுப்பை அலுமாரியில் அடுக்கினாள். இவரைப்போல நானும் வாசிகசாலைக் கக்கூசுக்குப் போகிறேன். காலமை ஆறு மணிக்கு, பேப்பர் பார்க்கிற சாட்டில். அறுபத்திரண்டு வயதில், பென்சன் எடுத்த ரீச்சருக்கு இது வேணும். நல்லா வேணும்.

பெப்ரவரி 26

வாசிகசாலைத் தலைவர் கனகலிங்கம் கேட்கிறார்: “என்ன ரீச்சர், இப்ப நாட்டு நடப்பிலை நல்ல அக்கறை?”

மார்ச் 2, சனி

தாங்கி முடிந்தது. மூடி காய இன்னும் நாலு நாள். வாழைக்கு ஓடுகிற பைப்பையும் சல்லித் தொட்டியையும் கோபிகா நின்று பார்த்துச் செய்வித்தாள். உதயகலாவின் வளவிலிருந்து மூன்று தரம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பார்க்கத்தான் வேணும்.

விடியமுன் பெய்யத் தொடங்கிய மழை விடவில்லை. வாசிகசாலைக்குப் போகக் குடையை விரித்துக்கொண்டு கேற்றைத் திறந்தேன்.

“ஞானாக்கா!”

உதயகலா. தன் படியில் நின்றாள். ஏன் கூப்பிடுகிறாள்? அயல் கேட்கத் திட்டப் போகிறாளோ? மழைக்குள் நனைந்துகொண்டு போகிற என்னைப் பார்த்துச் சிரிக்கவோ?

“உந்த மழைக்குள்ளை எங்கை போறியள்? வாங்கோ இஞ்சாலை.”

நான் அசையவில்லை. அவளும் உள்ளே போகவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

“வாங்கோவன். போயிட்டு வரேக்கை வாளியை நிரப்பி வைச்சிட்டு வாங்கோ. பிள்ளை குனிஞ்சு அள்ளக்கூடாது.”

போனேன். வாளியை விளிம்பு மட்டும் நிரப்பி வைத்துவிட்டு வந்தேன்.