இரண்டாம் பரிசு பெற்ற செத்தவீடு

6 செப்டெம்பர்

போன வருடம் என் கணவரின் செத்தவீட்டுக்கு இந்தத் தெருக்காரர் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

இதை இதுவரை எழுதவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலை எதிர்வீட்டு வாசலில் பெரிய பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பெட்டியின் மேல் எலும்புக்கூட்டின் படம். பார்கவி மறுபடியும் தொடங்கிவிட்டாள். ஆகவே நானும் எழுதுகிறேன்.

அவர் இறந்தது ஒக்டோபர் இருபத்துநாலில். இங்கே தகனத்துக்கு நாள் கிடைக்க ஒரு கிழமையாகும். அந்த ஒரு கிழமையும் எங்கள் வாசலில் வெள்ளை கட்டியிருந்தது. குருத்தோலைக்கு இந்த வெள்ளைக்கார நாட்டில், பொயிண்ட் குக்கில் எங்கே போவது? மகன் செந்தூரன் வெள்ளைக் கடதாசியை மடித்துத் தோரணம் கட்டினான். புல்லில் வெள்ளைக் கொடிகள் நட்டோம். கதவுக்கருகே மேசையில் அவருடைய பெரிய படம், மாலை, மினுங்குகிற பற்றரி விளக்கு. ஊரில் எப்படியோ அப்படி.

முப்பத்தோராம் திகதி பின்னேரம் மணி அடித்தது. துக்கம் விசாரிக்க ஆட்கள் என்று நினைத்து, வெள்ளைச் சேலையோடும் விரித்த தலையோடும் போய்க் கதவைத் திறந்தேன். வெளியே பேய் வேஷம் போட்ட பிள்ளைகள், கையில் இனிப்புப் பை. என்னைக் கண்டு வீரிட்டுக் கத்தினார்கள். பிறகு கைதட்டினார்கள். பின்னால் நின்ற தாய்மாரில் ஒருத்தி படம் எடுத்தாள்.

மறுநாள் தகனம் முடிந்து வந்தோம். கடிதப்பெட்டியில் ஆரஞ்சு நிற நாடா கட்டியிருந்தது. அதில் 2 என்று எழுதியிருந்தது.

முப்பத்தோராம் திகதி இங்கே ஹலோவீன், வீடுகளைப் பேய் வீடாகச் சோடித்துப் பரிசு கொடுக்கிற நாள். தெருவின் ஹலோவீன் குழுவை நடத்துகிறவள் பார்கவி. வாக்கு எண்ணினவளும் நாடா கட்டினவளும் அவளே. போனில் குழுவுக்கு வந்த என் படத்துக்குக் கீழே ‘என்ன தத்ரூபம்!’ என்று ஆங்கிலத்தில் எழுதினவளும் அவள்தான். செந்தூரன்தான் காட்டினான்.

முதல் பரிசு யாருக்கு? அவளுடைய வீட்டுக்கு.

வெள்ளைக்காரருக்குத் தெரியாது, விடலாம். இவள் கரூர்ப் பெண். மாலை போட்ட படம் என்றால் என்னவென்று தமிழச்சிக்குத் தெரியாதா? அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. நான் வெளியே வந்தால் திரும்பவும் காருக்குள் ஏறிவிடுகிறாள். அவ்வளவு திமிர்.

7 செப்டெம்பர்

முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் என் முற்றத்துக்கும் பேய் வரும்.

13 செப்டெம்பர்

கடைச் சாமான் எனக்கு வேண்டாம். காற்றடித்த பேயை யாரும் வாங்கலாம். நான் பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைதான். தையல், இங்கிலீஷ், கார் ஓட்டம், சுவரில் துளை போடுவது எல்லாம் நானாகப் பார்த்துப் பழகியவை. பேய் செய்வது என்ன பெரிய வித்தை?

அலுமாரியில் அவருடைய வேட்டிகள் ஒன்பது இருக்கின்றன. ஒருவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. கோழிக்கூட்டு வலையை வளைத்து உடம்பு செய்தேன். பழைய பந்துகள் தலைகள். சோற்றுக் கஞ்சியில் வேட்டியைத் தோய்த்து மேலே போர்த்திக் காயவிட்டால் மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை, வேட்டி மட்டும் தானாக நிற்கிறது. முதலாவது காய்ந்ததும் நானே கொஞ்சம் பின்வாங்கினேன்.

செந்தூரன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

“அப்பான்ர வேட்டியள் அம்மா!”

“ஓம். அவருக்கும் கோபம் இருக்கும்தானே.”

“விடுங்கோ அம்மா. இட்ஸ் பீன் அ இயர். அவவுக்குத் தெரிஞ்சிருக்காது.”

“உனக்கு அப்பா. எனக்குப் புருசன். வலையைப் பிடி.”

பிடித்தான்.

21 செப்டெம்பர்

நேற்றிரவு மழை. ஒன்பதும் கஞ்சி கரைந்து புல்லில் குந்திக்கொண்டிருந்தன. மலங்கழிக்க இருந்தவர்கள் மாதிரி. எதிர்வீட்டு யன்னலில் திரை அசைந்தது. சிரித்திருப்பாள்.

சிரிக்கட்டும். கஞ்சி பிழை. இனி மரப்பசை, அரைவாசி தண்ணீர்.

28 செப்டெம்பர்

மரப்பசை சரி. தண்ணீர்க் குழாயை நேரே பிடித்து அடித்தேன், அசையவில்லை.

பால் போத்தல்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். போத்தலைத் தலைகீழாகப் பிடித்தால் கைபிடி மூக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினால் மண்டையோடு. உள்ளே விளக்கு வைத்தால் யாரையோ தேடுகிற மாதிரிப் பார்க்கிறது. கோயிலில் சொல்லிவைத்தேன், எல்லோரும் போத்தல் கொண்டுவருகிறார்கள். என்னத்துக்கு என்று கேட்கிறவர்களுக்குக் கத்தரிக் கன்று வைக்க என்கிறேன்.

ஆனால் இதெல்லாம் தெருவுக்கு. அவளுக்கென்று ஒன்று வேண்டும். வெள்ளைக்காரர் பார்த்தால் சோடனை என்று நினைத்துப் போகவேண்டும். அவள் பார்த்தால் விளங்கவேண்டும்.

5 ஒக்டோபர்

இங்கே கோடை வருகிறதென்று மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு மணித்தியாலம் போய்விட்டது. கோபம் போகவில்லை.

14 ஒக்டோபர்

திதிப்படி இன்று அவருடைய முதல் திவசம். ஐயர் வந்து செய்துவிட்டுப் போனார். வாழைக்காய் வாங்க மறந்து செந்தூரன் ஓடித்திரிந்தான். அவர் இருந்திருந்தால், “வாழைக்காய் இல்லாட்டில் நான் வரமாட்டனோ?” என்று கேட்டிருப்பார்.

ஐயர் கராஜில் இருந்த மண்டையோடுகளை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

23 ஒக்டோபர், வியாழன்

செய்துவிட்டேன்.

குழுவில் அவள் போட்டிருந்த தன் படத்தை போனில் எடுத்து, மருந்துக்கடையில் இருக்கும் படம் அச்சடிக்கிற மெஷினில் பெரிதாக எடுத்தேன். அவருடைய படத்துக்கு வாங்கியதில் மிஞ்சின கண்ணாடிச் சட்டம் இருந்தது. பிளாஸ்டிக் மாலையும் இரண்டு வாங்கியிருந்தோம், ஒன்று பிரிக்காமல் பையில் கிடந்தது. சட்டத்துக்குள் அவள் சிரிக்கிறாள். மாலையைப் போட்டேன்.

முப்பத்தோராம் திகதி அவருடைய படம் இருந்த அதே மேசையில், அதே இடத்தில் இது இருக்கும். தெருவார் கைதட்டுவார்கள். அவள் மட்டும் என்ன பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறவளின் படத்துக்கு மாலை. இதைவிட என்ன செய்ய?

கராஜ் மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா? ஓம், சந்தோஷம்தான். அவருக்கு வாங்கின மாலை என்பது மட்டும் — சரி, போகட்டும். மாலைதானே.

25 ஒக்டோபர்

கடற்கரைப் பக்கமிருந்து பேய்க்காற்று. ஒரு வேட்டி வலையோடு பிடுங்கிக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கார் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் போகமாட்டேன். அந்த வீட்டு வாசலை நான் மிதிப்பதா?

கொண்டுவந்தது பார்கவியின் மாமியார் மீனாம்பாள். வருடத்தில் பாதி இங்கே, பாதி கரூரில். இதுவரை தலையாட்டியதோடு சரி. நான் கராஜில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. வேட்டியை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே வந்தவவின் கண் நேரே மேசைக்குப் போனது.

நான் மறைக்கவில்லை. கத்தட்டும், தெரு கேட்கட்டும் என்று நின்றேன்.

“அட, எம் மருமவளா இது?” கிட்டப் போய்ப் பார்த்தா. “கண்ணாடி போடாம வந்துட்டேன். ஆமா, அவளேதான்.”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. உடம்பு குலுங்கச் சிரித்தா.

“எதுக்குங்க இது?”

சொன்னேன், எல்லாம்.

“அது சரிதான். ஆனா இதுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறாளே, எடுபடாதுங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. மூஞ்சி அப்படியே செத்த மாதிரி இருக்கும். கொண்டாறட்டுங்களா?”

நான் வேட்டியை வாங்கி வைத்தேன். மனுசி விடவில்லை.

“அவளுக்கு மொதல்ல தெரியாதுங்க. கொடி, பேப்பர் தோரணம், வெள்ளைச் சேலை, எல்லாம் ஜோடனைன்னே நெனச்சா. எங்க பக்கம் சாவு வீட்டுல இப்படிக் கொடியெல்லாம் நட மாட்டாங்கல்ல? யாரோ அனுப்புன ஃபோட்டோதானே, புள்ளைங்க தலை உங்க வீட்டுக்காரரு படத்த மறைச்சிருச்சு. நான்தான் அடுத்த நாள் ராத்திரி பாத்துட்டு, ‘பெருசாக்கிப் பாருடி, பின்னால மாலை போட்ட படம்டி, அது சாவு வீடுடி’ன்னேன். பாத்ரூம்ல போயி உக்காந்துகிட்டா. எம் பையன் பிரதீப்பு, ‘போய் மன்னிப்புக் கேளு’ன்னான். ‘எந்த மொகத்தோட போவேன்’னா. இன்னிக்கு வரைக்கும் போவல பாருங்க. நல்லா வேணும் அவளுக்கு!”

தேத்தண்ணி வேணுமா என்று நான் கேட்கவில்லை. போனபிறகு மாலையைக் கழற்றினேன்.

மனம் இரங்கிவிட்டது என்று நாளைக்கு நானே இதை வாசித்து நினைக்கக்கூடாது. இரங்கவில்லை. மாலையைக் கழற்ற வைத்தது அந்தச் சிரிப்புத்தான். பார்கவி சமைத்ததைத் தின்றுகொண்டு அவளுடைய செத்த முகத்துக்குப் படம் தேடுகிற மனுசி. அவவுடைய பகை வேறு, என் பகை வேறு. என் பகைக்கு ஒரு செத்தவீட்டுக் காரணம் இருக்கிறது. அதில் கண்டவர்களும் கைவைக்க விடமாட்டேன்.

ஆக, தெரியாமல் செய்தாள். தெரிந்தபிறகு ஒளிந்தாள். முதலாவதற்குத் தண்டனை இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

26 ஒக்டோபர்

சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நானே றோட்டைக் கடந்தேன். பார்கவி கதவைத் திறந்தாள்.

“ஆன்ட்டி…”

“இந்தா, உன்ர படம். வியாழக்கிழமை தொடக்கம் நேற்றுவரைக்கும் மாலை போட்டு வச்சிருந்தனான். மறைக்க எனக்கு விருப்பமில்லை. நான் உன்னை மாதிரி இல்லை.”

வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைத் தடவினாள்.

“வியாழக்கிழமையா?”

“ஓம்.”

“அன்னிக்குத்தான் ஆன்ட்டி எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. முப்பத்தொம்பது டிகிரி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து விழுங்கினேன். சிரித்தால் எல்லாம் முடிந்துவிடும், அது கூடாது.

அவள் அழத் தொடங்கினாள். “வரணும்னு ஒவ்வொரு வாரமும் நெனப்பேன் ஆன்ட்டி. உங்க கதவு வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். மணி அடிக்கக் கை வரல.”

“பிள்ளையளுக்கு அடிக்கக் கை வந்தது. நாடா கட்ட உனக்குக் கை வந்தது. இந்த றோட்டைக் கடக்க ஒரு வருசமோ?”

உள்ளே குசினியில் ஏதோ கருகும் மணம். அதையும் அவள் கவனிக்கவில்லை.

“நான் என்ன பண்ணணும், சொல்லுங்க. எதுன்னாலும் செய்றேன்.”

“எதெண்டாலும்?”

“எதுன்னாலும்.”

“அப்ப சொல்லுறன். முதல்ல போய் அடுப்பை நிப்பாட்டு.”

29 ஒக்டோபர்

செந்தூரனிடம் திட்டத்தைச் சொன்னேன். “அம்மா, திஸ் இஸ் டூ மச். பாவம் அவ” என்கிறான்.

அவள் ஒத்துக்கொண்டாள் என்றேன். போய் விளக்குக்கு வயர் வாங்கி வந்தான்.

30 ஒக்டோபர்

நாளைக்குச் செய்யவேண்டியவை. யார் செய்வது என்றும் எழுதுகிறேன். மறந்துவிட்டோம் என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது.

பார்கவி: வேலைக்குப் போகமுதல் குழுவில் எழுதுவது. போன வருடம் இரண்டாம் பரிசு கொடுத்தது ஒரு மனுசனின் செத்தவீட்டுக்கு என்று. அவருடைய பெயரை முழுதாக, சின்னத்தம்பி கேதீஸ்வரன் என்று போடவேண்டும். எழுத்துக்கூட்ட அவருடைய வைத்தியசாலைக் கைப்பட்டியைக் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும்.

பிரதீப்குமார்: தங்கள் எலும்புக்கூட்டைக் கழற்றுவது. இருட்டமுதல் வீட்டு வெளி விளக்குகள் எல்லாவற்றையும் அணைப்பது. இந்த வருடம் அந்த வீடு போட்டியில் இல்லை. ஏணி பிடிப்பதும் அவர்தான்.

செந்தூரன்: ஒன்பது பேய்களையும் கம்பியடித்து இறுக்குவது, காற்று வரும் என்கிறார்கள். பால் போத்தல்களுக்கு விளக்கு. வெள்ளைக் கொடி ஒன்றுகூட நடக்கூடாது. துக்கம் வேறு, பேய் வேறு. நாங்களே கலக்கக்கூடாது.

மீனாம்பாள்: ஒன்றும் செய்யவேண்டாம். தன் வீட்டில் இருந்தால் போதும்.

பார்கவி: பின்னேரம் ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வருவது. போன வருடம் நான் உடுத்த வெள்ளைச் சேலையைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன், அதை உடுப்பது. தலையை விரித்துவிடுவது. மணி அடித்தால் நான் திறந்த கதவை அவள் திறக்கவேண்டும், நான் நின்ற இடத்தில் நிற்கவேண்டும், கடைசிப் பிள்ளை போகும்வரை. கத்துவார்கள், கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். சிரிக்கக்கூடாது. அழுதால் பரவாயில்லை. பொட்டையும் அழித்துவிடட்டுமா ஆன்ட்டி என்று அவளே கேட்டாள். அது இருக்கட்டும் என்று சொன்னேன்.

நான்: அவருடைய படத்தை மாலையோடு அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துவது. பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் றோட்டுக்கு அந்தப் பக்கம், பார்கவி வீட்டு இருட்டு வாசலில் போட்டு இருப்பது. அங்கேயிருந்து பார்த்தால் போன வருடம் என் வீடு எப்படித் தெரிந்தது என்று பார்ப்பது.